பொன்னுசாமியண்ணன் துப்பாக்கியும் எங்கள் காவல் குழுவும்

எதுவும் நடக்கவில்லை என்பதைத் தினமும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலைக்குத்தான் ஊர்க்காவல் என்று பெயர். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, நடக்காமல் போன திருட்டுக்காக நம்மைப் பாராட்டவும் ஆள் கிடையாது. கோயில் கமிட்டி, தெருச் சங்கம், அபார்ட்மென்ட் அசோசியேஷன் என்று எங்கேயாவது ஏதோ ஒரு நினைப்பில் கையைத் தூக்கிவிட்டு, அப்புறம் இறக்க முடியாமல் தவிக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் மலை மேல், வாழவந்தி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். காவல் குழுவில் இருக்கும் ஒரே பெண் நான்தான்.

விசில் கொடுத்தார்கள்

எங்கள் ஊரில் மிளகுத் திருட்டு புதிதில்லை. ஆனால் அந்த சீசனில் வந்த திருடர்கள் வேறு மாதிரி. கொடி படர்ந்திருக்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டுப் பறிக்கச் சோம்பல்பட்டு, கொடியையே அடியோடு வெட்டிக் கீழே இழுத்து, உட்கார்ந்து உருவிக்கொண்டு போனார்கள். பறித்த மிளகு அடுத்த வருஷம் மறுபடி காய்க்கும். வெட்டின கொடி காய்க்காது. காலையில் தோட்டத்துக்குப் போய், வாடித் தொங்கும் கொடியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் முகம், இழவு வீட்டிலிருந்து திரும்பியவர்கள் முகம் போலவே இருக்கும்.

திருடுவதற்கு ராத்திரி வரவேண்டும் என்பதெல்லாம் சமவெளியில். இங்கே மார்கழியில் மத்தியானம் மூடுபனி இறங்கினால், கையை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் சாயங்காலக் காவல்தான் முக்கியம் என்று டீக்கடை குழந்தைவேலு தலைமையில் குழு போட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் ஆளுக்கொரு விசிலும், இருட்டில் மின்னும் ஒரு பச்சைச் சட்டையும் கொடுத்தார்கள். சட்டை எல்லாருக்கும் தொளதொளவென்று இருந்ததால் அத்தனையையும் பிடித்துத் தைக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அப்போது ஜாக்கெட் வாங்க வந்திருந்தாள் ராசாத்தி. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள், வாய்த்துடுக்குக்காரி. மெஷின் மேல் கிடந்த விசிலை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இதை ஊதுனா திருடன் ஓடுவானுங்களா, இல்ல பஸ்ஸு பொறப்படுதுன்னு வந்து ஏறிக்குவானுங்களா?"

பொன்னுசாமியண்ணன் கை

இரண்டாவது வாரம் பொன்னுசாமியண்ணன் காவலுக்கு வந்தார், தோளில் துப்பாக்கியோடு. ஒற்றைக் குழல். அவர் அப்பா காலத்திலிருந்து இருப்பது. காட்டுப்பன்றி விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கியது. வெடிச்சத்தம் கேட்டால் பன்றி ஓடும் என்பதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இருந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் அவர் வலது கையைப் பார்த்தேன். தீபாவளி முடிந்த கையோடு, தன் தோட்டத்தில் கொடி வெட்டிக்கொண்டிருந்தவனை அவர் தனியாளாகப் பிடிக்கப் போனார். பின்னால் இன்னொருவன் நின்றது தெரியவில்லை. கம்பால் அடித்த அடியில் மணிக்கட்டு முறிந்துவிட்டது; விழுந்த பிறகுதான் அடித்தவன் முகத்தையே பார்த்தார். சேலத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டும் இரண்டு விரல் இன்னமும் முழுசாக மடங்கவில்லை. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. பனிக்குள் போட்ட சத்தம் பஞ்சுக்குள் போட்ட சத்தம் மாதிரி.

"அண்ணா, விசிலும் தடியும் இருக்குதே, இது எதுக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அடி வாங்கறப்ப கை வெறுங்கையா இருந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, அம்மிணி. தெரியவும் வேண்டாம்."

ரேஷன் கடை வாசலில் கூட்டம்

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். அத்தனை பேர் அதற்கு முன்னும் வந்ததில்லை, அப்புறமும் வந்ததில்லை. பாதிப் பேர் வேண்டும் என்றார்கள். எவன் கையில் எது இருக்கிறதென்று தெரியாமல் நாங்கள் மட்டும் விசிலோடு போய் நிற்கவேண்டுமா, நாளைக்கு யாராவது செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். அதிலே நியாயம் இருந்தது. லைசென்ஸ் அவர் தோட்டத்துக்குத்தானே தவிர ஊருக்கு இல்லை என்றார் குழந்தைவேலு. இன்றைக்கு ஒன்று வெளியே வந்தால் நாளைக்குப் பரண் மேல் ஒளித்து வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியெல்லாம் இறங்கும் என்று இன்னொருவர் சொன்னதும், இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிலேயும் நியாயம் இருந்தது.

கடைசியில் எந்தக் குழுவும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். யார் மனமும் நோகாமல் ஒரு தீர்மானம். அண்ணன் தோட்டம் ரோட்டோரம்தான். அந்தத் தோட்டத்து எல்லை வரைக்கும் துப்பாக்கி வரலாம், தோட்டா வரக்கூடாது. தோட்டா அவர் மனைவி பாவாயியக்காவிடம் இருக்கட்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். பாவாயியக்கா மட்டும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டது:

"தோட்டா ஒரு மூலையில, துப்பாக்கி ஒரு மூலையிலன்னு இத்தனை வருசமா ஊட்ல பூட்டி வெச்சிருக்கறன். ரெண்டும் ஒண்ணு சேராம இருக்கறதுக்கு ஊரே சேந்து காவல் காக்கறதை உட்டுப்போட்டு, எங்கிட்டயே திருப்பிக் குடுக்கறீங்களா?"

வழி தவறிய கார்

அரையாண்டு லீவில் டூரிஸ்ட் கூட்டம் அதிகம். ஒரு சாயங்காலம், போன் காட்டிய வழியை நம்பி ஒரு கார் டவுனுக்குப் போவதற்குப் பதிலாக எங்கள் பக்கம் வந்து, பனியில் நகர முடியாமல் பொன்னுசாமியண்ணன் தோட்டத்து ஓரத்தில் நின்றது. யாரென்று பார்க்கலாம் என்று நாங்கள் மூன்று பேர் போனோம். குழந்தைவேலு டார்ச் அடித்தார். அண்ணன் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். அவர் தோளில் இருந்ததும் கூடவே குனிந்தது.

உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தவர் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். பின்சீட்டில் ஒரு பெண், குழந்தையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் "பயப்படாதீங்க, நாங்க ஊர்க்காவல்" என்று சொல்லிக்கொண்டே போகிறேன். என் பேச்சு அவள் காதில் ஏறவே இல்லை. கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே நீட்டினாள். அண்ணன் இரண்டடி பின்னால் போய்விட்டார். துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அவ்வளவு நீளத்தை எங்கே மறைப்பது?

பிறகு வளையலை வாங்கி அவள் கையில் நானே போட்டுவிட்டு, விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்தேன். குழந்தைவேலு தன் வண்டியில் முன்னால் போய் டவுன் வரைக்கும் வழிகாட்டிவிட்டு வந்தார். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று பாவாயியக்கா மறுநாள் சொன்னது. அவர் காதிலேயே நின்றுவிட்டது அந்தப் பெண் முதலில் சொன்ன வார்த்தைதான்.

"எல்லாம் எடுத்துக்குங்கண்ணா, தாலிய மட்டும் விட்டுடுங்கண்ணா."

செவலைக் கன்று

இனிமேல் துப்பாக்கி வராது என்று நினைத்தோம். வராமல்தான் இருந்தது, பொங்கலுக்கு முந்தின வாரம் வரைக்கும். அன்றைக்குக் காலையில் அண்ணன் தோட்டத்தில் மேல்வரிசைக் கொடிகள் முழுக்க வெட்டிக் கிடந்தன. அவர் அப்பா நட்ட கொடிகள். சாயங்காலம் காவலுக்கு வந்தவரின் தோளில் துப்பாக்கி இருந்தது. தோட்டா இருக்கும் பெட்டிச் சாவியை அவர் கேட்டபோது பாவாயியக்காவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

தூறல். பனி. காப்பிச் செடிகளுக்கு நடுவே நானும் அவரும் மட்டும் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் செடி அசைந்தது. கறுப்பாக ஒன்று குனிந்து குனிந்து மிளகுக் கொடிக்கு அருகே போயிற்று. தலையும் முதுகும் ஒன்றாக, மூட்டை மாதிரி. "யாருடா அது?" என்று அண்ணன் கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். அது நிற்காமல் நகர்ந்தது. அவர் துப்பாக்கியைத் தூக்கினார். மடங்காத இரண்டு விரலையும் இடது கையால் மடக்கி வைத்தார். அதைப் பார்த்ததும்தான் குண்டு உள்ளே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. "அண்ணா" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவரும் உதறவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

அந்த உருவம் நிமிர்ந்தது. மழைக்காகச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலைமேல் போட்டிருந்தாள் ராசாத்தி. சாக்கு காதை மூடியிருந்ததால் எங்கள் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கிட்டே வந்தாள். அண்ணன் துப்பாக்கியைத் தரைப்பக்கம் சாய்த்து, கையை உதறி உதறிக் குண்டை வெளியே எடுத்தார். என்ன ஏது என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அவள் கவலை.

"ஏனுங்ண்ணா, இந்தப் பக்கம் ஒரு செவலைக் கன்னுக்குட்டி வந்துச்சுங்களா? நொம்ப நேரமாத் தேடறன்."

ஸ்டேஷன் பெஞ்சில்

கன்றுக்குட்டியைத் தேடிக் கண்டுபிடித்தோம். அண்ணனே அதைக் கயிற்றில் பிடித்து ராசாத்தி வீடு வரைக்கும் கொண்டுபோய்க் கட்டினார். அன்றைக்கு என்ன நடக்க இருந்தது என்று அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. குழுவில் சொன்னோம். அண்ணனே சொன்னார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் தோட்டத்து மிளகுப் பறிப்பு முடியும் வரைக்கும் தினம் இரண்டு பேர் கூடவே இருப்பது என்று முடிவு செய்தோம். கூட்டம் போடாமலே எடுத்த ஒரே தீர்மானம் அது.

தை கடைசியில் திருடர்கள் அகப்பட்டார்கள். ரோட்டோரத்தில் ஆளில்லாமல் ஒரு வேன் நின்றதைப் பார்த்துக் குழந்தைவேலு ஸ்டேஷனுக்குப் போன் போட, அடிவாரம் செக்போஸ்ட்டில் பச்சை மிளகு மூட்டையோடு மடக்கினார்கள். அடையாளம் காட்ட அண்ணனைக் கூப்பிட்டார்கள். தனியாகப் போகமாட்டேன் என்றார், நானும் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அவனா என்று ஏட்டு கேட்டார். அண்ணன் தலையசைத்தார். அப்புறம் அவனைப் பார்த்து, "அடி விழற வரைக்கும் நான் உன்னைப் பாக்கவே இல்லையேப்பா. ஓடியிருக்கலாமே, எதுக்கு அடிச்ச?" என்று கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க தோள்ல ஏதோ வெச்சிருந்தாப்புல தெரிஞ்சுதுங்க. துப்பாக்கின்னு நெனச்சுப் பயந்துட்டனுங்க."

தேர்தல் வந்தது

அவன் சொன்னது மண்வெட்டியை; திருடனைப் பிடிக்கப் பாய்ந்தபோது அண்ணன் அதைக் கீழே போட்டுவிட்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்து தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் மலையில் எல்லாரும் அறிந்த வழக்கம். கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிப்பவர்கள்தான் அதிகம். அண்ணன் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஓட்டுப் போட்டாயிற்று, எண்ணியாயிற்று, ஜெயித்தவர் மாலை போட்டுக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார். துப்பாக்கியை வாங்க அண்ணன் போகவே இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டு, என் கடைக்கு யூனிபார்ம் பேன்ட் தைக்கக் கொடுக்க வந்தபோது என்னிடம் குறைப்பட்டார்.

"எல்லாரும் எப்பத் தருவீங்கன்னு வந்து உசுரை வாங்கறாங்க, உங்க அண்ணன் என்னடான்னா அங்கயே இருக்கட்டும், நான் நிம்மதியாத் தூங்கறேங்கறாருங்க."

இப்போதும் சாயங்காலமானால் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாங்கள் போகத்தான் செய்கிறோம். வெறுங்கையோடு காவல் காப்பதில் ஒரே ஒரு சங்கடம்தான், பயமாக இருக்கிறது என்பதைப் பக்கத்தில் வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.