தீவட்டி பிடித்து நிற்கிற ஆள்

நேற்றுச் சாயங்காலம் பெரியவள் பள்ளிக்கூடத்து சார்ட்டுக்காக மாயா நாகரிகப் படங்களைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்கப் பசை வாசனை. சின்னவன் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "அய்யே! அப்பா, இந்த ஆன்ட்டி நாக்குல முள்ளுக்கயிறு வுட்டு இழுக்குதுப்பா!" என்று கத்தினான். பெரியவளே, நீ அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, முட்டிபோட்டிருக்கிற அந்த அம்மாளை மட்டும் அழகாக வெட்டி எடுத்துக்கொண்டாய். பக்கத்தில் தீவட்டி பிடித்து நிற்கிற ஆளைக் குப்பையோடு தள்ளினாய்.

"அவரை ஏம்மா வெட்டிட்ட?"

"எடம் பத்தலப்பா. அவரு சும்மாதானே நிக்கறாரு."

நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று நீங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. கோபம் இல்லை கண்ணுங்களா. வெட்கம். இதை எதிரில் உட்காரவைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் பெரியவள் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.

பசை வாசனை என்றேனே, அது என்னை நேராக ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. தொண்ணூறுகளில் அங்கே ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை பார்த்தேன். தி. நகர் ஜவுளிக்கடைப் பைகளில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கைகூப்பி நிற்பாளே, அவளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அச்சடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மை கரைக்கிற தின்னர் நாற்றம் சட்டையில், தலையில், சாப்பிடுகிற சோற்றில்கூட இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் இடம் இருந்தாலும் நான் நின்றுகொண்டே வருவேன்.

ஒரு நாள் அடையாறிலிருந்து ஒரு நோட்டீஸ் அச்சடிக்க வந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் உலகக் கலை வரலாறு வகுப்பு, ஆர்வமுள்ள யாரும் சேரலாம் என்று போட்டிருந்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன் நான். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போடுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அந்த 'யாரும்' என்பதில் என்னையும் சேர்ப்பார்களா என்று நாலு நாள் யோசித்துவிட்டு, இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்துப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு பழைய பங்களாவின் பின்பக்க அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சார், இருட்டில் ஸ்லைடு போட்டுக் காட்டுவார். 'டக்' என்று ஒரு சத்தம், எகிப்து போய்விடும். 'டக்', கிரேக்கம் வந்துவிடும். கூடப் படித்தவர்கள் எல்லாரும் கட்டடக்கலை மாணவர்கள், நல்ல இங்கிலீஷ், நல்ல செருப்பு. என்னிடம் யாரும் மட்டமாக நடந்துகொள்ளவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நான்தான் வாயைத் திறக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாது, அப்பாவுக்குச் சின்ன வயதில் பயங்கரத் திக்குவாய். கடையில் போய் 'தக்காளி' என்று கேட்பதற்குள் கடைக்காரர் இரண்டு பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்துவிடுவார். நான் கைக்கு எட்டின வெங்காயத்தைக் காட்டி வாங்கி வந்துவிடுவேன்.

தக்காளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மெக்சிகோ பக்கத்துப் பாடம் தொடங்கிய அன்று சார், மிளகாய், தக்காளி, சப்போட்டா, சாக்லேட் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்தது என்றார். மயிலாப்பூரில் எங்கள் சந்து வீட்டுக்கு வந்ததும் அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா என்றால் உங்கள் சரோஜா அத்தை. அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். தி. நகரில் ஒரு கடையில் பகல் முழுக்க நின்றபடி புடவை பிரித்துக் காட்டி, மடித்து வைக்கிற வேலை அவளுக்கு.

"மொளகா நம்பளுது இல்லியா? அப்போ கொழம்புக்கு இன்னாத்தடா போட்டாங்க?"

"மொளகு."

"போடா. மொளகுல மீன் கொழம்பு வெப்பாங்களா? ஒங்க சாரு வீட்ல சமைக்கறதேயில்ல போல."

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் 'டக்' என்று அந்தக் கல்சிற்பம் வந்தது. நீங்கள் நேற்று வெட்டினீர்களே, அதே கல். முட்டிபோட்ட ஒரு ராணி. முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கு வழியாக இழுக்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன், ராஜா, பெரிய தீவட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இருட்டில் எல்லாரும் 'ஸ்ஸ்' என்றார்கள். எனக்கு முன்னால் இருந்த கார்த்திக், "மச்சி, என்னடா இது, காட்டுமிராண்டிக் கூட்டமா இருக்கு!" என்றான். சிரிப்பு கிளம்பியது.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அந்த வகுப்பில் முதன்முதலாக வாயைத் திறந்தேன்.

"எ... எங்க அக்கா செய்வாங்க, சார்."

சிரிப்பு நின்றது. சார் விளக்கைப் போட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆடி மாசம் எங்கள் தெரு அம்மனுக்கு அக்கா நாக்கில் அலகு குத்திக்கொண்டு பால்குடம் எடுப்பாள் என்று சொன்னேன். அன்றைக்கு பிஸ்கட் தட்டு முதலில் என்னிடம் வந்தது. கார்த்திக் வாசல்வரை கூடவே வந்து, "சாரி மச்சி, தெரியாம சொல்லிட்டேன். நாங்க வந்து பாக்கலாமா?" என்றான். சாரும், "போலாமா? தப்பில்லையே?" என்று கேட்டார். எல்லாரும் வாங்க, என்றேன். என்னமோ அம்மன் கோயிலே என் பேரில் இருப்பது மாதிரி.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, பாருங்கள்.

அந்த வேண்டுதல் யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லையே. எனக்காகத்தான். என் நாக்குக்காக. 'தம்பி வாய் நல்லா பேசணும்' என்று வேண்டிக்கொண்டு, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே தொடங்கினாள். முதல் வருஷம் நான் அழுதேன். மறுநாள் அவள் சொன்னாள்: "வலிலாம் ஒண்ணியும் இல்லடா. வாய மூட முடியாது, எச்சி ஒழுவிக்கினே கீது பாரு, அதான் மானம் போவுது. ரெண்டு கையும் கொடத்துல கீது. நீ பக்கத்துலியே வந்து தொடச்சிக்கினு வா. அது போதும்."

அதுதான் என் வேலை. ஒவ்வொரு ஆடிக்கும் மஞ்சள் நனைத்த புதுத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வலப்பக்கம் நடப்பேன். உதட்டோரம் ஈரம் தெரிந்ததும் ஒற்றி எடுப்பேன். குளத்திலிருந்து கோயில்வரை அவ்வளவு கூட்டத்திலும் அக்கா எச்சில் ஒழுகியதை ஒருவரும் பார்த்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. என் வாயும் வருஷத்துக்கு வருஷம் சரியாகிக்கொண்டு வந்தது. இந்த வருஷத்தோடு வேண்டுதல் முடிந்தது என்று அந்த ஆடியில் அக்கா சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பம்பை காதைப் பிளக்கிறது. தார் ரோடு கொதிக்கிறது, முன்னால் பையன்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். மஞ்சள் புடவையில் அக்கா, தலையில் பால்குடம், நாக்கில் சின்ன வெள்ளி வேல். வேப்பிலையும் கற்பூரமும் பாலும் கலந்த வாசனை. குளத்துமுனை திரும்பும்போது, "மச்சி! இங்க!" என்று குரல். கார்த்திக், சார், வகுப்பே நிற்கிறது. கழுத்துகளில் கேமரா.

ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

சார் கேட்டார், வேல் வெள்ளியா, எத்தனை நாள் விரதம், யார் குத்துவார்கள். நான் பதில் சொன்னேன். தமிழில் தொடங்கி, எப்படி என்றே தெரியாமல் இங்கிலீஷுக்குப் போய்விட்டேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. என் வாயிலிருந்து இப்படி வருகிறதே என்று எனக்கே ஆச்சரியம். ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, கையை நீட்டி நீட்டி விளக்கினேன். அக்காவைக் காட்டினேன் என்று நினைக்கிறேன். ஆமாம், காட்டினேன். தோளில் துண்டு கிடந்தது, மடிப்புக்கூடக் கலையாமல்.

எங்கள் சந்துப் பூக்கார அம்மா போட்ட சத்தத்தில்தான் திரும்பினேன்.

"இன்னா நைனா, தொரைங்களுக்கு ஊரு சுத்திக் காட்டறியா? அக்காவ எவன் பாக்கறது?"

அக்கா வாயிலிருந்து எச்சில் கோடாக இறங்கி, மோவாயைத் தாண்டி, ரவிக்கை நனைந்திருந்தது. தோளை உயர்த்தி அதில் துடைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். குடம் ஆடுகிறது, முடியவில்லை. பேச முடியாது. கண் மட்டும் வலப்பக்கம் போய்ப் போய்த் தேடுகிறது. அந்த நேரத்தில்தான் கேமராக்கள் மின்னின. பூக்கார அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டார். நான் ஓடிப்போய்த் துண்டை நீட்டினேன். அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு வீங்கியிருக்கும், அதனால்தான் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஒன்றில், சார் ஸ்லைடு போட்டார். இடப்பக்கம் ராணி, வலப்பக்கம் அக்கா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உண்மையிலேயே மரியாதையாகத்தான் பார்த்தார்கள். "பக்தி எங்கேயும் ஒண்ணுதான்" என்று சார் மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெரிய வெள்ளைத் திரையில், வாயோரம் அந்த ஈரக்கோடு ஃபிளாஷ் பட்டு மினுமினுவென்று. அதைக் கவனித்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

கார்த்திக் நல்ல பையன். இரண்டு படத்தையும் ஒரே அட்டையில் ஒட்டி, கவரில் போட்டு, "அக்காவுக்குக் குடு மச்சி" என்று கையில் வைத்தான். பஸ்ஸிலேயே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. வீட்டில் பைக்குள் கிடந்ததை அக்காதான் எடுத்தாள்.

டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். முதலில் ராணியைத்தான். "பொடவ நல்லாக்கீது. கட்டம் கட்டமா நெசவு பண்ணிகீறாங்க" என்றாள். கடைக்காரி புத்தி. பிறகு தன் படத்துக்கு வந்தாள். பெருவிரலால் அந்த வாயோரத்தை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள், போய்விடுமோ என்பது மாதிரி.

"இது யாரு, கைல தீவட்டியோட?"

"ராஜா. அவளோட வீட்டுக்காரரு."

"இன்னா பண்றான்?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் காட்டறாரு."

"காட்டட்டும்" என்றாள் அக்கா. "அவளுக்குப் பக்கத்துல நிக்க ஒரு ஆளாச்சும் கீறான்."

அட்டையைக் கவரில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டு, "கை கழுவிக்கினு வா, சோறு ஆறுது" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேண்டுதல் முடிந்துவிட்டது. அடுத்த ஆடிக்குச் சரியாகச் செய்கிறேன் என்று சொல்ல அடுத்த ஆடி இல்லை. மஞ்சள் துண்டை அக்கா வீணாக்கவில்லை. அடுப்பில் பாத்திரம் இறக்குகிற பிடிதுணியாக்கிக்கொண்டாள். அது கிழியும்வரை தினமும் என் கண்ணில் படும். அடையாறு வகுப்புக்கு அப்புறம் நான் போகவில்லை. அதனால் உலகக் கலையில் அப்பாவுக்குத் தெரிந்தது மெக்சிகோவோடு நின்றுவிட்டது. மற்றதை யாராவது கேட்டால் விழிப்பேன்.

இப்போது எங்கள் சந்து இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட அடுக்குமாடி நிற்கிறது. பையன்கள் குடம் பிடித்த அடிபம்பு இல்லை. பூக்கார அம்மா இல்லை. பட்டறையும் இல்லை, ஸ்லைடு மிஷினை இன்று நீங்கள் பார்த்தால் சோறு வடிக்கிற சாமானா என்று கேட்பீர்கள். அந்த அட்டை ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறி, இரண்டு முகமும் ஒன்றோடொன்று கரைந்து போயிற்று. மேடவாக்கத்தில் மகனோடு இருக்கிற அத்தையிடம் கேட்டால், "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குடா?" என்பாள். அவளுக்கு மறந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. போனில் அவளிடம் பேசும்போது மட்டும் எனக்கு இன்றைக்கும் முதல் வார்த்தை திக்கும்.

பெரியவளே, நீ குப்பையில் தள்ளிய பாதியை எடுத்து உன் அகராதிக்குள் வைத்திருக்கிறேன், சுருக்கம் போகட்டும் என்று. சார்ட்டில் இடம் பத்தாவிட்டால் எழுத்தைக் குறைத்துக்கொள். தலைப்பைக்கூடச் சின்னதாக எழுது. அந்த ஆளை மட்டும் அவள் பக்கத்திலேயே ஒட்டிவிடு. அவர் சும்மா நிற்கவில்லை.