எஃபியின் ஈரக் கம்பளி

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், ஸ்காட்லாந்து வழிவந்த கேலிக் மாதர் சங்கத்தில் இருபத்தாறு வருஷமாகப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் எஃபி. மீன் ஆலையில் உழைத்துக் காய்த்த கை. மாதாமாதம் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நெசவு இறுகுவதற்காக, பாடிக்கொண்டே ஈரக் கம்பளியை மேசையில் அடித்துக் கைமாற்றுவார்கள். சூரியன் போகும் திசையில்தான். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஆகவே ஆகாது.

சங்கத்தின் புதுத் தலைவி லொரைன் அதைப் படமெடுக்கக் கேமராக்காரரோடு வந்தாள்.

“எஃபி அக்கா, இன்னைக்கு மட்டும் எதிர்ப்பக்கமா சுத்துங்க. அப்பதான் மூஞ்சியெல்லாம் கேமரா பக்கம் திரும்பும்.”

“அது ஆகாதுன்னு உனக்குத் தெரியாதாடி?”

“படம் பாக்குறவங்களுக்கு என்னக்கா தெரியப்போகுது?”

எஃபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் கிடந்த, தான் நெய்த கம்பளியைச் சொட்டச் சொட்டச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள்.

“வெறும் மேசையத் தட்டுங்கடி! படம் பாக்குறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”