சித்தப்பாவின் சனிக்கிழமைப் பந்துகள்

எங்கள் ஊர்க் கிரிக்கெட் அணிக்கு ஆரம்பப் பந்துவீச்சாளர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, மற்றவர் சித்தப்பா. இரண்டு பேரும் நன்றாகத்தான் போடுவார்கள், ஆனால் ஒரே நாளில் இருவரும் சேர்ந்து நன்றாகப் போட மாட்டார்கள். அப்பா ஸ்டம்பைப் பிடுங்குகிற நாளில் சித்தப்பா வைட்டாகப் போட்டுத் தள்ளுவார். சித்தப்பா நெருப்பாக நிற்கிற நாளில் அப்பாவின் பந்து, விக்கெட் காப்பாளரையும் தாண்டி, வேலிக்கு அப்பால் மேய்கிற மாடுகளுக்குப் போய்ச் சேரும். யூலாண்ட் பக்கத்து டெனிஷ் ஊரான பிராண்டேயில் அந்த வசந்தத்தில் இதைவிடப் பெரிய வழக்கு எதுவும் எனக்குத் தெரிந்து இருக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. வன்னியில் போர் முடிந்த வருடம். இந்த நேரத்தில் விளையாட்டு ஒரு கேடா என்று சிலர் கேட்டார்கள். பெடியளை வீட்டுக்குள் ரீவிச் செய்திக்கு முன்னால் இருத்தி வைத்தால் விசர் பிடித்துவிடும் என்று கப்டன் மாமா வாதாடினார். தமிழ்க் கடை வைத்திருந்தவர் அவர். அணித் தலைவரும் அவரே. கடைசியில் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு விளையாடுவது என்று முடிவானது. எனக்கும் ஒரு பட்டி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பின் எங்கள் வீட்டு வரவேற்பறையில் விசாரணை நடக்கும். எனக்கு அது திருவிழா மாதிரி. அந்த நேரத்தில் மட்டும்தான் அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைப்பார்.

"அண்ணை, நீங்கள் ஓடிவாற தூரம் கூடிப்போச்சு. பந்து போட முதலே களைச்சுப் போறியள்," என்று கப்டன் மாமா தொடங்குவார்.

"களைப்போ? எனக்கோ? இது காத்தப்பா! இந்த யூலாண்ட் காத்துக்கு ரென்னிஸ் பந்து சொன்ன இடத்திலை விழுமே?"

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். "காத்து உங்கடை பந்துக்கு மட்டும்தான் அடிக்குதோ? சில்க்போர்க்காரர் போடேக்கை அது தேத்தண்ணி குடிக்கப் போயிருந்ததோ?"

அம்மா வாழ்க்கையில் ஒரு பந்தைத் தொட்டதில்லை. முதியோர் இல்லத்தில் வேலை. ஆனால் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியது, முன்னங்கால் எங்கே விழுந்தது என்று அத்தனையும் அவருக்கு மனப்பாடம். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொல்வதில் முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்காது.

சித்தப்பா மட்டும் வாதாட மாட்டார். "இண்டைக்குச் சரிவரேல்லை. அடுத்தமுறை பாப்பம்," என்பார். சப்பாத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். கண்ணூறு என்று சொல்லி ஒருவர் தேசிக்காய் வெட்டிப்போட்டார், அதற்கும் நின்றார். அடுத்த ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே ஏழு வைட்! கப்டன் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார்.

அடேயப்பா, இவ்வளவு பெரிய ஆட்கள் கூடிக் கதைத்தும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லையே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் மழை, வெயிலைக் கட்டம் போட்டு எழுதப் பழக்கியிருந்தார்கள். நானும் ஒரு கொப்பி எடுத்துக் கட்டம் போட்டேன். எந்தக் கிழமை, என்ன சப்பாத்து, காற்று எந்தப் பக்கம், பார்க்க யார் யார் வந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஐந்தாவது ஆட்டம் முடிந்து கொப்பியைப் பார்த்தபோது கட்டிலில் எழும்பி நின்று குதித்தேன்.

அப்பாவின் வியாதி அம்மா! அம்மா மைதானத்தில் நின்றால் அப்பா ஒவ்வொரு பந்துக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குவார். பிறகு பந்து எங்கே போகும்? அம்மா வேலைக்குப் போன நாட்களில் அப்பா சிங்கம்.

சித்தப்பாவின் வியாதி சனிக்கிழமை. ஞாயிறு ஆட்டங்களில் மூன்று, நான்கு விக்கெட் எடுப்பார். சனி ஆட்டங்களில் வைட் மழை. ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த ரோல்ஸ் பெட்டியை அவர் இளம் பெடியளிடம் நீட்டினார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தார். கார்கள் நிற்கிற பக்கம் அவர் போனபோது பின்னால் போய் மறித்தேன்.

"சித்தப்பா, நீங்கள் ஏன் சனிக்கிழமையிலை சாப்பிடுறேல்லை?"

அவர் சுற்றிப் பார்த்தார். "மெல்லக் கதை பிள்ளை. விரதம். சித்தி வந்து சேரும்வரைக்கும் சனிக்கிழமையிலை சாப்பிடுறேல்லை எண்டு நேத்தி வைச்சிருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, அண்ணை அறிஞ்சால் பேசுவார்."

ஏசுவார்தான். கடவுள் என்ற பேச்சையே அப்பா அந்த வருடம் வீட்டில் தடை செய்திருந்தார்.

சித்தி என்று அவர் சொன்னது வன்னியில் இருந்தவரை. இருவருக்கும் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்திருந்தது. இங்கே வர விசா வரவேண்டும், வந்ததும் ஊரறியக் கலியாணம். நான் நேரில் கண்டதில்லை, ஆனால் குரல் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் முதலில் என்னைத்தான் கேட்பார். "எங்கை என்ரை வாயாடி? உன்ரை சித்தப்பா வடிவாச் சாப்பிடுறாரோ, இல்லாட்டி ஈர்க்குமாதிரியோ நிக்கிறார்?" என்பார். தையில் ஒருமுறை எடுத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. லைன் இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். லைன் வந்ததும் எடுப்பார் என்று நான் இருந்தேன்.

இறுதியாட்டம் ஒடென்சே அணியோடு. எந்த நாள்? சனிக்கிழமை! என் தலையில் இடி விழுந்தது. போதாக்குறைக்கு அம்மா வேலையை மாற்றிக்கொண்டு தானும் வருகிறேன் என்று நின்றார். ஒரே நாளில் இரண்டு பேரும் கவிழ்ந்தால் கோப்பையை ஒடென்சேக்காரர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். என் வகுப்பில் இருந்த டெனிஷ் பிள்ளைகளுக்கெல்லாம் திங்கட்கிழமை கோப்பையைக் கொண்டுவந்து காட்டுவேன் என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.

அம்மாவை வழிக்குக் கொண்டுவருவது சுலபமாக இருந்தது. கொப்பியைக் காட்டினேன். கட்டங்களைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டார். "நான் காருக்குள்ளை இருந்து பாக்கிறன், கண்ணாடியையும் ஏத்திவிடுறன். அந்த மனுசனுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதை," என்றார்.

சித்தப்பாவுக்கு என்ன செய்வது? நேர்த்தியை யார் தளர்த்தலாம்? யாருக்காக விரதமோ அவர்தான் தளர்த்தலாம் என்று எனக்குப் பட்டது. சித்தி எப்படியும் ஒருநாள் எடுக்கத்தான் போகிறார். எடுத்தால் சாப்பிடச் சொல்லத்தான் போகிறார். அதை நான் கொஞ்சம் முந்திச் சொன்னால் என்ன பிழை? யோசிக்க யோசிக்க என் கெட்டித்தனத்தில் எனக்கே புல்லரித்தது.

சனிக்கிழமை. நாங்கள் முதலில் ஆடி, பன்னிரண்டு ஓவரில் எழுபத்தொன்று எடுத்தோம். இடைவேளையில் ரோல்ஸ் பெட்டியோடு போனேன். சித்தப்பா தனியாகக் காரில் சாய்ந்து நின்றார்.

"சித்தப்பா, காலமை நீங்கள் குளிக்கேக்கை சித்தி போன் எடுத்தவ."

அவர் என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். நான் கண்ணைச் சிமிட்டவில்லை.

"என்ன சொன்னவ?"

நான் சித்தியின் குரலிலேயே இழுத்து இழுத்துச் சொன்னேன். "எங்கை என்ரை வாயாடி? உன்ரை சித்தப்பாவைச் சாப்பிட்டிட்டு விளையாடச் சொல்லு. இனி விரதம் வேண்டாம் எண்டு நான் சொன்னதாச் சொல்லு."

"இன்னொருக்காச் சொல்லு."

சோதிக்கிறார் என்று விளங்கியது. இரண்டாம் தரம் இன்னும் இரண்டு வசனம் சேர்த்தேன். ஈர்க்குமாதிரி நிற்க வேண்டாமாம், ஒடென்சேயை அடித்து நொறுக்கட்டாம் என்று அளந்தேன்.

"இன்னொருக்கா," என்றார்.

"சாப்பிடட்டாம்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

சாப்பிட்டார்! ஒன்று, இரண்டு, மூன்று ரோல்ஸ். தின்னும்போது கண்ணெல்லாம் கலங்கியது. அம்மா மிளகாய் கூடப் போட்டுவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வென்றுவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு நடந்ததை எந்த விசாரணையிலும் யாரும் பிழை சொல்ல முடியாது. அப்பா முதல் பந்தைப் போடமுன் சுற்றிச் சுற்றி அம்மாவைத் தேடினார், காணவில்லை, ஓடினார், போட்டார், நடு ஸ்டம்ப் பறந்தது! காருக்குள் அம்மா வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வெளியே வரவில்லை. மற்றப் பக்கத்தால் சித்தப்பா. ஒரு வைட் இல்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை. நான் எல்லைக் கோட்டில் ஓடி ஓடித் தொண்டை அடைக்கக் கத்தினேன். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு டெனிஷ் கிழவர், என்ன விளையாட்டு என்றே தெரியாமல், எங்களோடு சேர்ந்து கை தட்டினார்.

கடைசி ஓவர். ஒடென்சேக்கு ஆறு ஓட்டம் வேண்டும், ஒரு விக்கெட் மிச்சம். கப்டன் மாமா பந்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். முதல் பந்தில் இரண்டு ஓட்டம். இரண்டாவது பந்தில் ஓட்டம் இல்லை. மூன்றாவது பந்துக்கு அவர் ஓடிவந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஸ்டம்புகள் மூன்றும் சாய்ந்தன.

பெடியள் அவர்மேல் விழுந்து புரண்டார்கள். அம்மா கார்க் கதவைத் திறந்து சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சித்தப்பா நிலத்தில் இருந்து விக்கி விக்கி அழுதார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்து, "டேய் விசரா, வெண்டதுக்கும் அழுறதோ!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என்னால்தான் வென்றோம் என்று நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா குசினிக்குள் வந்து அம்மாவிடம் மெல்ல ஏதோ சொன்னார். அம்மா குழறி அழுத சத்தம் தெருவுக்கே கேட்டது. பங்கருக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்து சித்தி போய்விட்டாராம். அடுத்த நாள் போர் முடிந்துவிட்டது என்றார்கள். கோப்பையை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

எனக்கு ஒன்று மட்டும்தான் விளங்கியது. சனிக்கிழமை நான் பொய் சொல்லி விரதத்தைக் குழப்பினேன், ஞாயிற்றுக்கிழமை சித்தி இல்லை. பன்னிரண்டு வருடம் இதை ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், ஒடென்சேக்கு நான் கார் ஓட, சித்தப்பா பக்கத்தில் இருந்தார். ஏன் அன்று வாய் திறந்தது என்று தெரியாது. அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

"காரை ஓரங்கட்டு பிள்ளை," என்றார். கட்டினேன்.

"விசர்ப் பிள்ளை, இவ்வளவு காலமும் இதையே வைச்சுக்கொண்டிருந்தனீ? எனக்கு வெள்ளிக்கிழமை வேலையிலை நிக்கேக்கையே போன் வந்திட்டுது. அவவின்ரை அண்ணை வவுனியா முகாமிலையிருந்து எடுத்தவர். மட்ச் முடியட்டும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப நான் சொன்னது பொய் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னனீங்கள்?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அவ எடுத்தவ, இப்பிடிச் சொன்னவ எண்டு அதுக்குப் பிறகு ஆர் எனக்கு வந்து சொல்லப்போகினம்?"

பிடிபட்டுவிடுவேன் என்ற பயத்தில், மூன்றாம் தரம் நான் ஒரு சொல்லோடு முடித்துவிட்டேன்.