சாரலில் எழுதிய ‘இல்லை’

குற்றாலத்தில் அருவி கொட்டும்போது தெருக்கிணறு எதற்கு?

ஜூன் மாதம் இதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்தக் கேள்வியில் சிக்கித் தவித்தவர் முத்துச்செல்வம். தென்காசியில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வால்வைத் திறந்துவிடுகிறவர். பத்தொன்பது வருடமாக அதே சைக்கிள், தோளில் அதே நீள இரும்புச் சாவி.

ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருக்கிணறான ஆனைக்கிணற்றுப் பக்கம் வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கினார். கிணற்றை ஒட்டி இரண்டு லோடு இடிபாடு கொட்டிக் கிடந்தது. சுவரில் ஒரு அறிவிப்பு: பயன்பாட்டில் இல்லாத கிணறு, திங்கட்கிழமை மூடப்படும். சீசனுக்கு வரும் வேன்கள் நிற்க இடம் வேண்டுமாம்.

அவர் அறிவிப்பை மறுபடி படித்தார். ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூலையில், ஊர்க் கிணறுகளைப் பார்த்து எழுதச் சொல்லி நகராட்சியில் படிவம் கொடுத்தார்கள். கூரைத் தண்ணீரே வாளி வாளியாக வழிகிற மாதத்தில் யார் கிணற்றில் இறைப்பார்கள்? ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஒருவரும் வரவில்லை. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மே மாதம் ஆற்றிலிருந்து வரும் பெரிய குழாய் உடைந்தது. பதினொரு நாள் தெருவே இந்தக் கிணற்றில்தான் இறைத்தது. அவர் வீட்டுக் குடமும் அந்த வரிசையில் நின்றது. குழாய் சரியானதும் தெரு கிணற்றை மறந்தது, அவர் படிவத்தை மறந்தார்.

உடனே நகராட்சி என்ஜினியர் ஜோதிலட்சுமியைப் போய்ப் பார்த்தார்.

“மேடம், அது நான் தப்பா எழுதுனது.”

“உங்க கையெழுத்துல்லா இருக்கு அண்ணாச்சி? வாயால சொன்னா எப்படி நிறுத்துவேன்? திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வாரேன். தெருவுக்கு அது வேணும்னு காட்டுங்க.”

திங்கட்கிழமை குடத்தோடு கிணற்றடிக்கு வரச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார். இட்லிக் கடை பேராச்சி சிரித்தாள்.

“ஏலே முத்து, மழையில நனைஞ்சுக்கிட்டுக் கிணத்துல இறைக்கணுமாக்கும்? சாவி உன் கையிலதான இருக்கு. திறக்காம இரு, எல்லாம் குடத்தோட ஓடி வரும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் கண் அந்தச் சாவியிலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை வால்வுக் குழி முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு பொய்த் தாள் கொடுத்தது போதாதா, பொய்க் கூட்டமும் காட்டவேண்டுமா? திறந்துவிட்டார். வீடுகளில் குழாய்கள் சீறின.

ஒன்பது மணிக்கு ஜோதிலட்சுமி வந்தபோது கிணற்றடியில் அவரைத் தவிர ஆளில்லை. கொஞ்சம் கழித்துப் பேராச்சி மட்டும் குடையும் குடமுமாக வந்தாள்.

“கூப்பிட்டானேன்னு வந்தேன் மேடம். ஒரு குடம் பத்துமா?”

“பத்தாது ஆச்சி.”

முத்துச்செல்வம் பதினொரு நாள் கதையைச் சொன்னார். பிறகு ஒரு தாளை வாங்கி, குடைக்கடியில் குனிந்து எழுதினார்: ‘நான் பார்த்தது ஜூலையில். பார்த்திருக்கவேண்டியது மே மாதத்தில்.’ கையெழுத்தும் போட்டார்.

ஜோதிலட்சுமி அதை வாசித்தாள். எதிரே பேராச்சி வீட்டு மாடியிலிருந்து குழாய் வழியாக மழைத்தண்ணீர் தெருவோர வாறுகாலில் கொட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவ்வளவும் வீணாத்தான போகுது? ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியா இதக் கிணத்துக்குள்ள விடுங்க. சாரல் முடியதுக்குள்ள பத்து வீடு சேரணும். மே மாசம் மறுபடி வந்து பாப்பேன். அதுவரைக்கும் மூட விடமாட்டேன்.”

“என் வீட்டுக் குழாய முதல்ல திருப்புலே,” என்றாள் பேராச்சி. “ஒத்தக் குடத்தோட நின்னு என் மானமே போச்சு.”

இப்போது ஆகஸ்ட் கடைசி. ஏழு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. சாரல் மெலிந்துவிட்டது. இடிபாட்டை இன்னும் யாரும் அள்ளவில்லை. தினமும் காலையில் முத்துச்செல்வம் முதலில் மேகம் தேடி மலையைப் பார்க்கிறார், அப்புறம் அந்த இடிபாட்டை. மீதி மூன்று வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டேயிருக்கிறார்.

இதை வாசிக்கிறவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கிணறு பார்க்கப் படிவத்தோடு போகிறவர் யாராவது இருந்தால், அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.