பல்லுமழை

இதை எழுத உட்காருமுன் உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சூடு இல்லை. ஒரு மாதமாக இப்படித்தான் தொட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என் கணவர் ஈப்போ பக்கத்தில், செமோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸர், அதாவது வைத்திய உதவியாளர். காலையில் ஆட்கள் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றி, விழுங்கும்வரை எதிரில் நிற்பது அவர் வேலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வெகுகாலம் காத்திருந்து பெற்றவள் எங்கள் ஒரே மகள். ஆறு வயது.

தோட்டத்து ஆட்களின் பேச்சு எனக்குப் பிடிக்காமலிருந்தது. கப்பலில் வந்தவர்கள், ஊரில் பார்த்தறியாத மரத்தைப் பால்மரம் என்றார்கள். பால் காய்ந்து பட்டையில் ஒட்டியிருந்தால் அது ஒட்டுப்பால். தேவை வந்ததும் கையிலிருந்த இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரிடமும் கேட்கவில்லை. மகள் அப்படி ஏதாவது வீட்டுக்குக் கொண்டுவந்தால், திருத்தமாகச் சொன்ன பிறகே தட்டில் சோறு போடுவேன். அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன்.

பகலில் அவள் ஆயாக் கொட்டகைக்கு விளையாடப் போவாள். பால் வெட்டப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஒருநாள் வியர்த்துக் களைத்துத் திரும்பியவள், சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்:

"அம்மா, இன்னைக்குப் பல்லுமழை பேஞ்சுச்சு."

அப்படி ஒரு சொல் கிடையாது என்றேன். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "மழை பெய்தது" என்றாள். சோறு போட்டேன். அன்று எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. அது என் நினைவுக்கு வரவில்லை.

பிறகு அவள் அந்தச் சொல்லை வீட்டில் சொல்லவே இல்லை. மாலையில் சோர்ந்து வருவாள். ஆட்டக் களைப்பென்று குளிப்பாட்டிப் படுக்கவைப்பேன்.

ஒரு வாரம் கழித்து, பட்டப்பகலில், கொட்டகை ஆயா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். மேலே இரண்டு கோணிச்சாக்குகள். பிள்ளையின் கண் மேலே செருகியிருந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஒருநா விட்டு ஒருநா இந்தப் பல்லுமழை வருது டிரெஸரம்மா. குளுருல, தகரத்துல மழை விழுற மாதிரி பல்லு அடிச்சுக்குதாம், அதான் புள்ளயே அப்படிப் பேரு வச்சிருக்கு. சாக்கப் போட்டு மூடுவோம், அடங்கிரும். டிரெஸர் வீட்டுப் புள்ளைக்கு நாங்க என்னா சொல்றது? ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டோம்லா."

தோட்டத்து லாரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் கணவர் பிள்ளையை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள்தான் கண் விழித்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

"அதுக்கு என்னா சொல்லணும்மா?"

அன்று வராந்தாவுக்கு வந்துதான் அழுதேன். அவள் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னது மனத்தில் ஏறவில்லை. அடுத்த முறை உடம்புக்கு வந்தால், சரியான சொல் தெரியாமல் இவள் என்னிடம் சொல்லாமலே இருந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகளுக்குத் தினமும் கொய்னா கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பியபின் தெரிந்தது, காலை வரிசையில் பெண்கள் "எனக்குப் பல்லுமழை வந்துருச்சுங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டு மருந்து கொடுக்கிறார். மகளிடம் அதைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள்.

நேற்று மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கதவருகே வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லு கண்ணு."

"காதுவண்டு வந்திருச்சும்மா."

அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. ஈரக் கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்தக் காதுல?"

"ரெண்டுலயும். வண்டு மாதிரி இரையுது. கொய்னா குடிச்சா வரும். இந்தப் பக்கம் பெருசு."

அரிசியை அப்படியே விட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் போனேன்.