யாரும் அமுக்காத முப்பத்தெட்டு வினாடிகள்

1. சாக்குக் கடை மாடி

படி ஏறும்போதே மேலே ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டே எண்ணுவது கேட்டது. "பதினெட்டு, பத்தொம்பது, இருவது..."

மட்டாஞ்சேரியில் ஒரு சாக்குக் கடைக்கு மேலே இருந்த வீடு. மரப்படி, ஒருவர் ஏறினால் எதிரே இன்னொருவர் இறங்க முடியாது. காலை பத்து மணி இருக்கும். துணி வியாபாரி அப்துல் காதர், அறுபது வயதைத் தாண்டியவர், ஹாலில் தரையில் கிடந்தார். எண்ணிக்கொண்டிருந்தது அவர் மகள் நஸீமா. எங்கள் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமிலிருந்து போனில் சொல்லிக்கொடுத்தபடி, அப்பாவின் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பல்ஸ் இல்லை. "நகருங்க மோளே, நான் பண்றேன்" என்று நான் கை வைத்தேன்.

என் ஊரான கம்பத்திலிருந்து கொச்சிக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அதில் பாதிக்கு மேல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸில் நர்ஸ். இதை எழுதுவது, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக.

கையால் கம்ப்ரஷன் கொடுப்பது, அதாவது நெஞ்சை அமுக்குவது, கேட்பதற்குச் சின்ன வேலை. இரண்டு நிமிஷத்தில் தோள் கனக்கும். நாம் சரியாக அமுக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்போம், ஆழம் குறைந்திருக்கும். ஓடுகிற வண்டியில் இன்னும் மோசம். ஒரு தடவை டிரைவர் ஜோஷி சேட்டன் பிரேக் போட்டதில் நோயாளி மேலேயே விழுந்திருக்கிறேன்.

அதனால்தான் எங்கள் வண்டிக்குக் கம்ப்ரஷன் மெஷின் வந்தபோது எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நான். முதுகுக்கு அடியில் ஒரு பிளேட், நெஞ்சுக்கு மேலே ஒரு வளைவு, நடுவில் அமுக்கும் பிஸ்டன். களைப்பே கிடையாது. பொம்மையில் நாலைந்து தடவை மாட்டிப் பழகியிருந்தோம். ஆளுக்கு மாட்டியது அன்றுதான் முதல் தடவை.

2. கிளிப்

இரண்டு ஷாக் கொடுத்தும் இதயத் துடிப்பு திரும்பவில்லை. அமுக்குவதை நிறுத்தாமல் அந்தப் படியில் இறக்க வேண்டுமென்றால் கையால் நடக்காது. காஷுவால்டி டாக்டர் போனில், "மெஷின் போட்டு கொண்டு வாங்க" என்றார்.

கூட வந்த டெக்னீஷியன் அனூப் பிளேட்டை முதுகுக்கு அடியில் தள்ளினான். வளைவின் ஒரு பக்கம் டக்கென்று மாட்டிக்கொண்டது. மறுபக்கம் மாட்டவில்லை. திரும்ப அழுத்தினேன். மாட்டவில்லை.

"சிஸ்டர், பிளேட் சரிஞ்சிருக்கு," என்றான் அனூப்.

"இல்ல, இந்தப் பக்கம்தான். கொஞ்சம் தூக்கு."

தூக்கினான். அழுத்தினேன். என் கண்ணுக்கு அந்தக் கிளிப்பைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இப்போது மாட்டிவிடும், இதோ மாட்டிவிடும் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

நஸீமாதான் கத்தினாள். "யாரும் அமுக்கலையே! வாப்பாவ யாராச்சும் அமுக்குங்களேன்!"

வளைவை ஒதுக்கிவிட்டு நெஞ்சில் கை வைத்தேன். நான் அமுக்க, அனூப் குனிந்து பார்த்தான். ஷாக் கொடுக்க வெட்டிவிட்டிருந்த பனியனின் ஒரு ஓரம் கிளிப்புக்குள் சிக்கியிருந்தது. கத்தரியால் நறுக்கி எடுத்தான். அடுத்த முறை சட்டென்று மாட்டிக்கொண்டது. பிஸ்டன் இறங்க ஆரம்பித்தது.

அதன் பிறகு மெஷின் ஒரு குறையும் வைக்கவில்லை. படியில் நாங்களும் கீழ்க் கடை ஆட்களுமாக நாலு பேர் முன்னும் பின்னும் பிடித்து அவரைச் சாய்த்து இறக்கும்போதும் அதன் தாளம் தப்பவில்லை. எந்த மனுஷக் கையாலும் அந்தப் படியில் அது முடியாது. தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றபோது, பிஸ்டன் வயிற்றுப் பக்கம் இறங்கிவிடக் கூடாதே என்று அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டிலிருந்து நஸீமா, "சிஸ்டர், ஓடுதா? மெஷின் ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

காஷுவால்டியில் இன்னொரு ஷாக். அதில் பல்ஸ் வந்தது.

3. மானிட்டர் காட்டியது

மறுநாள் டாக்டர் மானிட்டர் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு எங்களை உட்கார வைத்தார். கம்ப்ரஷன் ஒவ்வொன்றும் மேடு மேடாகப் பதிவாகியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மேடே இல்லை.

"இவிடே எந்தா? முப்பத்தெட்டு செகண்ட் கேப் இருக்கே."

அனூப் வாய் திறந்தான். "டாக்டர், துணி சிக்கி..."

"துணி சிக்குச்சு. ஆனா கைய எடுத்தது நான். திரும்ப வைக்காததும் நான்," என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அப்துல் காதர் பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது நஸீமா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். வாப்பாவுக்குத் தெரிந்தவர்கள் சிலரின் பெயர் உடனே வாயில் வருவதில்லை என்றாள். "ஆனா சிஸ்டர், அந்த மெஷின் இருந்ததாலதான் பொழச்சாரு."

சும்மா தலையாட்டியிருக்கலாம். முடியவில்லை. "மெஷின் மாட்டுறப்ப நான் அமுக்குறத நிறுத்திட்டேன் மோளே. நீங்க கத்தினதாலதான் திரும்ப கை வச்சேன்."

"வாப்பாவோட மறதி அதனாலயா?"

"தெரியல. டாக்டருக்கும் தெரியாது. நான் வர்றதுக்கு முன்னாடி நீங்க அமுக்கினது ரொம்ப உதவிச்சு. அது மட்டும் தெரியும்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனி போற வீட்டுல நிறுத்தாதீங்க சிஸ்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கையா, மெஷினா என்று இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். படியிலும் வண்டியிலும் மெஷின் பெரிய துணை. அதை மாட்டுகிற நேரம்தான் ஆபத்து. எங்கள் டீமில் இப்போது மாட்டும்போது ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும். பத்து வந்தால் மெஷின் எந்த நிலையில் இருந்தாலும் விட்டுவிட்டு நெஞ்சில் கை வைக்க வேண்டும். எண்ணுகிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏழு தாண்டும்போது என் குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கம் போகாமல் இருப்பதே நல்லது.