பதினைந்தாவது விதியும் வடிவியல் வாத்தியாரும்

போடி கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். நான்காம் நாள் 'வாடிக்கையாளர் கவனத்துக்கு' என்று தலைப்பிட்டுப் ஓர் அட்டையில் பதினோரு வரிகள் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கேட்கக் கூடாது என்பது அதில் ஒரு வரி. ஐந்தாம் நாள் அப்பா அட்டையைக் கழற்றி எறிந்து, என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பிவிட்டு, "பலவேசம், நீ வாத்தியார் வேலைக்குப் படிப்பா. அங்கனதான் வந்தவுக எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போக முடியாது" என்றார். தமிழகத்துக்கு ஒரு கணித ஆசிரியர் கிடைத்த வரலாறு இவ்வளவுதான்.

இப்போது எனக்கு ஐம்பத்தோரு வயது. ஓடைப்பட்டிப் பக்கம் ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வடிவியல் என்றால் எனக்கு உயிர். பொதுத்தேர்வில் ஒரு படம் ஒழுங்காக வரைந்தால் எட்டு மதிப்பெண். கணக்கே வராத பிள்ளைகூட அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடும்.

போன ஜூனில் தேனியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னபோது, மற்ற ஆசிரியர்கள் போண்டா வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா கழற்றி எறிந்த அட்டைக்கு மறுபிறவி கிடைத்துவிட்டது.

'வடிவியல் வகுப்பு: எதிர்பார்ப்புகளும் நடைமுறைகளும்' என்று பதினான்கு விதிகள் எழுதி, டி.டி.பி. கடையில் அடித்து, கட்டம் கட்டினேன். பென்சில் முனை ஊசிபோல இருக்க வேண்டும். காம்பஸை இரவல் கேட்பது குற்றம், கொடுப்பதும் குற்றம். உதவிப்படம் போடாமல் வரைந்த படம் படமாகவே கருதப்படாது. ஆறாவது விதி, தாமதத்துக்குப் பஸ், பஞ்சர், வயிற்றுவலி ஆகிய மூன்றும் காரணமாக ஏற்கப்படா என்றது. ஒன்பதாவதுதான் மகுடம். மூன்று முறை தாமதமாக வந்தவர், வீட்டுப் பெரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போடும்வரை வராந்தாவில் இருக்க வேண்டும்.

தலைமையாசிரியர் கிறிஸ்டோபர் அதை இரண்டு தரம் படித்தார். "சார், நம்ம பள்ளிக்கூடத்துக்கே மொத்தம் ஏழு விதிதான் இருக்கு" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பெற்றோர் கூட்டத்தில் தாளைக் கொடுத்தேன். எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள், ஒரே ஒருவரைத் தவிர. முனீஸ்வரி என்ற மாணவியின் அம்மா மொக்கம்மாள், திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டும் பெண்களை வேலைக்குச் சேர்த்து மேற்பார்க்கும் கொத்துக்காரி. காய்ப்பு முடிந்த கொடியைக் கழித்துவிடும் அந்த வேலையில் கத்தரி எங்கே விழ வேண்டும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். விதிகளையும் அதே கண்ணோடு பார்த்தார்.

"வாத்தியாரே, பிள்ளைக செய்ய வேண்டியது பதினாலு இருக்கு. நீங்க செய்ய வேண்டியது எங்கன இருக்கு?"

கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு முன்னால் நான் என்றுமே பெருந்தன்மைக்காரனாகிவிடுவேன். பேனாவை எடுத்து எல்லார் முன்னிலையிலும் எழுதினேன்: '15. மேற்கண்ட விதிகள் ஆசிரியருக்கும் பொருந்தும்.' கை தட்டினார்கள். அன்று இரவு சாப்பிடும்போது அந்த வரியை என் மனைவி சொர்ணலதாவிடம் மூன்று முறை சொன்னேன். அவள் மூன்று முறையும் ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

நவம்பர் கடைசியில் முனீஸ்வரி மூன்றாவது முறையாகத் தாமதமாக வந்தாள். தாமதங்களைக் குறித்துவைப்பது வகுப்புத் தலைவி ஹேமாவதி. சொந்த அண்ணன் என்றாலும் டிக்கெட் கேட்டே தீரும் பரிசோதகர் ஜாதி அவள். நோட்டைத் திறந்து காட்டினாள். நான் விரலை வராந்தா பக்கம் நீட்டினேன்.

"சார், அம்மா விடிய அஞ்சு மணிக்கே கவாத்துக்குப் போயிருது. நாந்தான் சோறு பொங்கி வச்சுட்டு வரணும். இன்னும் பத்து நாளைக்கு அது எங்கனயும் நகராது சார். ஒரு தோட்டத்த ஆரம்பிச்சா ஒண்ணாத்தான் முடிக்கணும்."

"விதி விதிதான்மா."

"காலாண்டுல இருபத்தொம்பது சார் எடுத்தேன். அரையாண்டுலயும் போச்சுன்னா கத்தரியக் கையில குடுத்துருவேன்னு அம்மா சொல்லியிருக்கு."

பாஸாக முப்பத்தைந்து வேண்டும். ஆறு மதிப்பெண் குறை. என் எட்டு அவளுக்குப் போதும், இரண்டு மிச்சமும் இருக்கும். அந்த வாரம்தான் வட்டத்துக்கு வெளிப்புள்ளியிலிருந்து தொடுகோடு வரையும் பாடம். இந்தக் கணக்கெல்லாம் கணித ஆசிரியரான எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அவளை வெளியே அனுப்பினேன். கட்டம் கட்டி அச்சடித்த தாள் மனிதனை அப்படி ஆக்கிவிடும்.

ஐந்தாம் நாள் நான் தாமதமானேன். தினமும் போடியிலிருந்து ஸ்கூட்டரில் வருபவன், சின்னமனூரில் ஒரு டீக்கடையில் நிற்பது வழக்கம். பெரியாறு அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று அங்கே நாள்தோறும் ஒரு மாநாடு நடக்கும். நான் போய்த் தசமப் புள்ளியைத் திருத்தாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் பாசனமே கெட்டுவிடும் என்பது என் எண்ணம். ஒன்பதரை மணி வகுப்புக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது.

ஹேமாவதி எழுந்து நின்றாள். "சார், மூணாவது தடவை."

"எதும்மா மூணாவது?"

"லேட்டு சார். ஜூலைல ஒண்ணு, போன வாரம் ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு."

"ஸ்கூட்டர் பஞ்சர்மா."

"ஆறாவது விதி சார்" என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மீசையில டீ நுரை இருக்கு சார்" என்றது பக்கத்துக் குரல்.

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் கட்டம் கட்டிய தாள், அதன் அடியில் என் சொந்தக் கையெழுத்தில் பதினைந்தாவது விதி. அந்த நிமிடமே தாளைக் கிழித்திருக்கலாம். ஆனால், தான் தப்பிக்கத்தான் கிழித்தான் என்று நாற்பத்திரண்டு வீட்டிலும் சோற்றோடு பரிமாறுவார்கள். மீசையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரி நகர்ந்து இடம் கொடுத்தாள். "அந்தப் பக்கம் வெயில் வரும் சார், இங்கன உக்காருங்க" என்றாள். அனுபவஸ்தர் பேச்சு.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நாலு நாள் பாடத்தையும் ஜன்னல் வழியாகவே பார்த்து வரைந்திருந்தாள். எல்லாப் பக்கத்திலும் அரைவட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே ஒரு தொடுகோடு.

"இதுக்கு ரெண்டு தொடுகோடு வரணும்மா. இன்னொண்ணு எங்க?"

"இங்கன இருந்து பாத்தா போர்டுல பாதிதான் சார் தெரியும். தெரிஞ்சத ஒழுங்கா வரைஞ்சிருக்கேன்."

ஒழுங்காகத்தான் இருந்தது. பென்சில் முனை ஊசிபோல இருந்தது. தெரியாத பாதிக்கும் உதவிப்படம் போட்டு, அதில் கேள்விக்குறி வைத்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கரும்பலகையின் இடப்பாதியை மறைத்துக்கொண்டு சுவர் நின்றது. அந்தப் பாதியில் நேற்று நான் வரைந்த தொடுகோடுகள் எவ்வளவு அழகானவை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மதியம் சொர்ணலதாவுக்குப் போன் செய்தேன். அவளுக்குப் போடி தபால் நிலையத்தில் வேலை.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வரணும்."

"எதுக்குங்க?"

"என்னப் பத்திப் பேச."

அவள் சிரித்த சிரிப்பில், ஸ்பீடு போஸ்ட் வரிசையில் நின்றவர்கள் யாருக்குத் தபாலில் என்ன வந்தது என்று விசாரித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மறுநாள் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு வந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஹேமாவதி நோட்டை நீட்டினாள்.

"சார் நல்லாத்தான் நடத்துறாக டீச்சர்... இல்ல, அம்மா. ஆனா நேரத்துக்கு வர மாட்டேங்குறாக."

"வீட்டுல ஏழே முக்காலுக்கெல்லாம் கெளம்பிருதாகளே! இடையில எங்கன போறாகன்னு எனக்கும் தெரியணும்மா."

"டீக்கடை" என்றது வகுப்பு, ஒரே குரலில். என் வகுப்பில் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு பதில் வந்தது அதுதான் முதல் முறை.

சொர்ணலதா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் இருந்த தாளைப் பொறுமையாகப் படித்தாள். "வீட்டுலயும் இப்படித்தான். ஃப்ரிட்ஜு மேல ஒம்பது விதி ஒட்டியிருக்காக" என்றாள் பொதுவாக. பிறகு வராந்தாவைப் பார்த்து, "அந்தப் பிள்ளை ஏன் வெளிய இருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன்.

"எனக்கு ஆபீஸ் இருக்கு, பெர்மிஷன் போட்டு வந்துட்டேன். அந்தம்மா பெர்மிஷன் கேட்டா கொடி குடுக்குமா? கையெழுத்துதான வேணும்? நோட்டத் தூக்கிட்டு நீங்க போங்க. ஒங்களுக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கே, பஞ்சர் ஆகாத நாளாப் பாத்துப் போங்க."

அன்று மாலையே முனீஸ்வரியிடம், காலை ஆறரை மணிக்குத் தோட்டத்துக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல் என்றேன். விடியும் முன்பே போடியை விட்டுக் கிளம்பினேன். சின்னமனூர் டீக்கடையை முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தேன். ஆனால் ஓடைப்பட்டித் தோட்டங்களுக்குள் நுழைந்ததும் வேறு சிக்கல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தூண், மேலே கம்பி, சதுரம் சதுரமாகப் பந்தல். முப்பது வருடமாகச் சதுரத்தின் பண்புகளைச் சொல்லிக்கொடுத்தவன் சதுரங்களுக்குள் வழி தவறி, ஒரே பம்புசெட்டை மூன்று முறை சுற்றினேன்.

மொக்கம்மாள் ஸ்டூலில் ஏறிக் கொடி வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"எத்தன மணிக்கு வரேன்னு சொல்லிவிட்டீக?"

"ஆறரை."

"இப்ப?"

செல்போனைப் பார்த்தேன். ஆறு ஐம்பத்தைந்து. "பாதை தெரியலம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் ஏத்துக்கிற காரணத்துல வருமா வாத்தியாரே? நாந்தான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டேனே. வரப்புல நில்லுங்க. இந்த வரிசை முடியட்டும்."

பந்தலுக்கு வராந்தா கிடையாது. வரப்பில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். வெட்டிய கொடியிலிருந்து நீர் சொட்டிச் சட்டையில் விழுந்தது. வரிசையில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். இருபது நிமிடம் கழித்து மொக்கம்மாள் இறங்கி வந்து, பிசின் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"பிள்ளை காலையில சோறு பொங்குறத நான் பாத்துக்கிறேன். இனி நேரத்துக்கு வந்துரும். நீங்களும் வந்துருங்க."

அன்று சரியாக ஒன்பதரைக்கு வகுப்பில் இருந்தேன், முனீஸ்வரியும் இருந்தாள். தொடுகோட்டுப் பாடத்தை முதலிலிருந்து எடுத்தேன். வட்டம் போட்டு, வெளிப்புள்ளி குறித்து, முதல் கோட்டை இழுத்ததும் அவள் கையை உயர்த்தினாள். "சார், கொஞ்சம் தள்ளுங்க. இப்ப நீங்கதான் பாதிய மறைக்கிறீக."

தள்ளி நின்றேன்.

அரையாண்டுத் தாளைத் திருத்தும்போது அவள் படத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டு தொடுகோடும் ஒரே நீளம். எட்டுக்கு எட்டு, மொத்தம் முப்பத்தொன்பது. ஒன்பதாவது விதியில் 'வீட்டுப் பெரியவர் நேரில் வந்து' என்பதை அடித்துவிட்டு 'ஆசிரியர் நேரில் போய்' என்று திருத்தியிருக்கிறேன்.

ஜனவரியில் ஹேமாவதி புது நோட்டுப் போட்டாள். முதல் பக்கத்தில் இதுவரை ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் அணையில் தண்ணீர் திடீரென்று முக்கால் அடி ஏறிவிட்டது, நான் என்ன செய்ய?